யாருக்கு யார் வழிவிடுவது: இந்தியச் சாலை விதிகளில் முன்னுரிமை

1. பொருளும் எல்லையும்

சாலை விதி என்றதும் ஹெல்மெட், லைசென்ஸ், சிவப்பு விளக்கு ஆகியவையே பெரும்பாலும் பேசப்படுகின்றன. காவலர் நின்ற இடத்திலிருந்தே கண்டுபிடிக்கக்கூடியவை இவை. ஆனால் காவலரும் சிக்னலும் இல்லாத இடத்தில் யார் முதலில் போவது, யார் நிற்பது என்பதே விதிகளின் மையம் என்பது இக்கட்டுரையின் துணிபு. வேக வரம்பும் சரக்கேற்றமும் இங்கு ஆராயப்படவில்லை.

2. சட்ட அடிப்படை

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 118ஆம் பிரிவின்கீழ், வாகனம் ஓட்டும் முறைக்கான ஒழுங்குமுறைகளை மத்திய அரசு வகுக்கிறது. 1989இல் வந்தவை நீங்கி, 2017இல் புதியவை வந்தன. உரிமம், காப்பீடு, தண்டனை எல்லாம் சட்டத்தில் இருக்கின்றன. முந்துவது, வழிவிடுவது போன்றவை ஒழுங்குமுறைகளில். இந்த இரண்டாவதைப் படித்த ஓட்டுநர் அரிது.

3. சந்திப்புகள்

3.1 வலப்பக்க விதி

கிளைச்சாலையிலிருந்து பிரதான சாலைக்குள் நுழைபவர், அதில் செல்வோருக்கு வழிவிட வேண்டும். இரண்டும் சமமான சாலைகள் என்றால், வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை. இதற்குக் காரணம் இடப்பக்கமாகச் செல்லும் நம் வழக்கத்திலேயே இருக்கிறது. குறுக்குச் சாலையில் வலமிருந்து வரும் வண்டி நமக்கு அருகிலுள்ள பாதியில் வரும்; இடமிருந்து வருவது அப்பால் உள்ள பாதியில். ஆகவே நாம் முதலில் மோதக்கூடியது வலப்பக்க வண்டிதான். ரவுண்டானாவுக்கும் இதே கணக்கு: சுற்றிக்கொண்டிருக்கும் வண்டி நம் வலப்பக்கமாகவே வருவதால், நுழைபவர் காத்திருக்க வேண்டும். நடைமுறையிலோ பெரிய வண்டிக்கே வழி கிடைக்கிறது.

3.2 விளக்குகளின் பேச்சு

சந்திப்பை நேராகக் கடப்பவர் பலர் நான்கு இண்டிகேட்டர்களையும் எரியவிடுகிறார்கள். இது தவறு மட்டுமல்ல, ஆபத்தும்கூட. பக்கவாட்டில் நிற்பவருக்குத் தன் பக்கத்து இண்டிகேட்டர் மட்டுமே தெரியும். வண்டி தன் பக்கம் திரும்பப்போகிறது என்று எண்ணி அவர் முன்னேறிவிடுவார். நேராகப் போவதற்கு எந்த விளக்கும் தேவையில்லை. எதிரே வருபவர் ஹெட்லைட்டை அடிப்பதும் இப்படித்தான். பிரிட்டனில் அதை ‘நீங்கள் போங்கள்’ என்று எடுத்துக்கொள்வோர் உண்டு. நம் ஊரில் அது ‘நான் வருகிறேன், நில்’ என்ற அதட்டல்.

4. மலைப்பாதை

இரு வண்டிகள் விலக இடமில்லாத மலைச்சாலையில், இறங்கும் வண்டி ஓரமாக நின்று ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதையில் போய்வந்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. பாரத்தோடு ஏறும் லாரி வளைவில் நின்றுவிட்டால், மீண்டும் கிளம்பும்போது பின்னோக்கி உருளும். இறங்குபவருக்கு அந்தச் சிக்கல் இல்லை. பிரேக்கை விட்டால் வண்டி தானே நகரும். எவருக்கு நின்று மீண்டும் கிளம்புவது கடினமோ அவருக்கே வழி என்ற இந்த ஏற்பாட்டை, விதித் தொகுப்பின் மிக நியாயமான பகுதி என்பேன்.

5. தண்டனையின் சாய்வு

2019ஆம் ஆண்டுத் திருத்தம் வழிவிடுதலை இரு வேறு அளவுகளில் மதிக்கிறது. ஆம்புலன்சுக்கோ தீயணைப்பு வண்டிக்கோ ஒதுங்காதவருக்கு 194இ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். சாதாரணச் சந்திப்பில் ஒழுங்குமுறையை மீறுபவருக்கு 177ஏ பிரிவின்படி 500 முதல் 1,000 ரூபாய் வரை மட்டுமே. அதையும் நிறுவச் சாட்சி வேண்டும். ஹெல்மெட் இல்லாத தலைக்கு அது வேண்டாம்.

உரிமத் தேர்விலும் இதே சாய்வுதான். எல்.எல்.ஆர். தேர்வில் குறிப்பலகைகளை அடையாளம் காட்டச் சொல்கிறார்கள். பிறகு இருசக்கர வண்டியில் எட்டுப் போடச் சொல்கிறார்கள். கால் ஊன்றாமல் எட்டுப் போடுவது சமநிலைக்குச் சான்று. அந்த எட்டில் எதிரேயும் குறுக்கேயும் வேறு வண்டி எதுவும் வருவதில்லை.