இரு கல்லூரிகள், ஒரு பயிற்றுநர்: கிழக்கிலங்கைக் கூடைப்பந்தில் ஹெபர்ட் அடிகளார்

ஒரு கல்லூரி அணி தொடர்ந்து வென்றால் அந்தப் புகழ் பயிற்றுநருக்கா, கல்லூரிக்கா? அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்து இரசிகர்கள் நூறாண்டுக்கு மேலாக இதைப் பற்றிச் சண்டையிட்டு வருகிறார்கள். அவர்கள் கைக்கொள்ளும் உரைகல் எளியது. ஆளை வேறு கல்லூரிக்கு அனுப்பிப் பார்; அங்கும் வென்றால் திறமை அவருடையது. நிக் சேபன் 2003இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குத் தேசியப் பட்டம் பெற்றுத் தந்தார். பின்னர் அலபாமாவுக்குப் போய் 2009க்கும் 2020க்கும் இடையில் ஆறு பட்டங்கள் வென்றார். இந்த உரைகல்லை மட்டக்களப்பு வாவிக்கரைக்குக் கொண்டுவர ஒரு காரணம் உண்டு. அதே லூசியானாவிலிருந்து வந்த ஒரு துறவி, இங்கே இரண்டு கல்லூரிகளில் கூடைப்பந்து அணிகளை வளர்த்தார்.

யூஜின் ஹெபர்ட் 1923இல் லூசியானாவின் ஜெனரெட் என்னும் சிற்றூரில் பிறந்தவர். 1948இல் இலங்கை வந்தபோது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்தைந்து. அவர் வந்துசேர்ந்த திருகோணமலைக் கத்தோலிக்க மறைமாவட்டம் 1893இல் உருவானது. 1895 முதல் பிரெஞ்சு இயேசு சபையினரின் பொறுப்பில் இருந்தது. இரண்டாம் உலகப் போரை அடுத்து அதே சபையின் அமெரிக்க நியூ ஓர்லியன்ஸ் மாகாணத் துறவிகள் அந்த இடத்துக்கு வந்தனர். 1947இல் இக்னேஷியஸ் கிளெனி ஆயரானார். ஹெபர்ட் வந்த அதே ஆண்டில் வந்தவர் பெஞ்சமின் மில்லர் அடிகளார். அவர் 2019 தொடக்கத்தில் மட்டக்களப்பிலேயே காலமானார். 1873இல் தொடங்கிய மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியும் திருகோணமலைப் புனித சூசையப்பர் கல்லூரியும் இந்தத் துறவிகளின் கையில் இருந்தன.

பிரெஞ்சுக்காரர் போய் அமெரிக்கர் வந்ததன் விளைவு வகுப்பறையைவிட மைதானத்தில்தான் முதலில் தெரிந்தது என்பது என் கணிப்பு. கூடைப்பந்து 1891 டிசம்பரில் மசாசூசெட்சின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் வகுத்த ஆட்டம். 1892 மார்ச்சில் அங்கு நடந்த முதற் பொது ஆட்டத்தில் ஆசிரியர் அணி 5-1 எனத் தோற்றது. அந்த ஒற்றைப் புள்ளியை எடுத்தவர் ஆமோஸ் அலன்சோ ஸ்டாக். அதே ஆண்டு சிக்காகோப் பல்கலைக்கழகத்துக்கு அமெரிக்கக் காற்பந்துப் பயிற்றுநராகப் போன அவர், நாற்பத்தொரு பருவங்களின் பின் எழுபது வயதில் ஓய்வுபெற வைக்கப்பட்டார். உடனே பசிபிக் கல்லூரியில் சேர்ந்து 1943இல், எண்பது தாண்டிய வயதில், ஆண்டின் சிறந்த பயிற்றுநராகத் தெரிவானார். இரு கல்லூரிகளில் வெல்வது என்ற மரபும் கூடைப்பந்தும் ஒரே ஆளின் வாழ்க்கையில் இப்படிச் சந்திக்கின்றன.

கிழக்குக்கு இந்த ஆட்டம் பொருந்தியதற்குப் பெரிய இரகசியம் எதுவுமில்லை. ஓர் அணிக்கு ஐந்து பேர் போதும். ஒரு பந்து, இரண்டு வளையம், ஒரு துண்டுச் சீமெந்துத் தளம் இருந்தால் ஆடலாம். வடகீழ்ப் பருவமழையில் புல்வெளி வாரக்கணக்கில் சேறாகக் கிடக்கும். சீமெந்துத் தளம் மழை விட்ட மாலையே காய்ந்துவிடும். விடுதி மாணவர்கள் பள்ளி முடிந்தும் வளவுக்குள்ளேயே இருப்பார்கள். பயிற்றுநரும் அதே வளவில் வாழும் துறவி.

மிக்கேல் கல்லூரியிலும் சூசையப்பர் கல்லூரியிலும் ஹெபர்ட் பயிற்றுவித்தார். இரு கல்லூரிகளும் அகில இலங்கை மட்டத்தில் பட்டம் வென்றன. கொழும்பின் பெரிய பாடசாலைகளோடு மோத இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் நீண்ட தூரம் பயணிக்க வேண்டும். இரு ஊர்களின் ரயில் பாதைகளும் கல்லோயாச் சந்தியில்தான் ஒன்றுசேர்கின்றன.

அமெரிக்க உரைகல்லின்படி தீர்ப்பு இத்தோடு முடிந்துவிடும். நான் அவ்வளவு வேகமாக முடிக்க மாட்டேன். சேபன் ஒப்பந்தத்தோடும் சம்பளப் பேச்சோடும் இடம் மாறியவர். ஹெபர்டை நகர்த்தியது சபை மேலாளரின் கட்டளை. அவர் போய்ச் சேர்ந்த கல்லூரியும் அதே சபையின் ஒழுங்கில் இயங்கியது. அங்கும் அதே விடுதி வாழ்க்கை, அதே மாலைப் பயிற்சி. ஆகவே இந்த வெற்றியில் ஆளின் பங்கு எவ்வளவு, அமைப்பின் பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுப்பது கடினம். என் முடிவு, அமைப்பு களத்தைக் கொடுத்தது, ஆள் அதை நிரப்பினார் என்பதே. களம் மட்டும் போதுமென்றால் மறைமாவட்டத்தின் எல்லாப் பாடசாலைகளும் பட்டம் வென்றிருக்க வேண்டும்.

1960இன் 5ஆம் இலக்கச் சட்டம் உதவிபெறும் பாடசாலைகளை அரசின் கீழ்க் கொண்டுவந்தபின் இத்தகைய இடமாற்றத்துக்கான வழி சுருங்கியது. சில கல்லூரிகள் கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலைகளாகத் தாக்குப்பிடித்தன. பெரும்பாலானவை அரசிடம் போயின. ஹெபர்ட் மட்டக்களப்பில் கிழக்குத் தொழில்நுட்ப நிறுவனத்தை நடத்தினார்; போர்க்காலத்தில் சமாதானக் குழுவிலும் பணியாற்றினார்.

1990 ஆகஸ்ட் 15ஆம் தேதி அவர் வாழைச்சேனையிலிருந்து ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். உடன் ஒரு தமிழ் இளைஞரும் வந்தார். வழியிலுள்ள ஏறாவூரில் முஸ்லிம் பொதுமக்கள் படுகொலை செய்யப்பட்டுச் சில நாட்களே ஆகியிருந்தன. வாழைச்சேனையிலிருந்து வரும் வீதி வந்தாறுமூலை, செங்கலடி, ஏறாவூர் கடந்து தன்னாமுனை வழியாகத்தான் நகருக்குள் வருகிறது. இருவரும் நகரை வந்தடையவில்லை. உடல்களும் கிடைக்கவில்லை.

மிக்கேல் கல்லூரியில் பணியாற்றிய மற்றோர் அமெரிக்கத் துறவி ஹரல்ட் வெபர் அடிகளாரின் பெயரை மட்டக்களப்பு நகரின் விளையாட்டரங்கு இன்று தாங்கி நிற்கிறது. ஓர் ஊரோடு ஒன்றிப்போனவரை அந்த ஊர் நினைவில் வைப்பது இயல்பு. இரு ஊர்களுக்குப் பொதுவானவரின் கணக்கை யார் எழுதுவது? நம் பாடசாலை வரலாறுகள் ஆண்டு மலர்களிலும் நூற்றாண்டு மலர்களிலும்தான் எழுதப்படுகின்றன. ஒவ்வொரு மலரும் தன் மதிலுக்குள் நடந்ததை மட்டுமே சொல்லும். ஹெபர்டின் முழுப் பணி எந்த ஒரு மலருக்குள்ளும் அடங்காது. ஐம்பதுகளில் அவரிடம் பந்து பிடித்த பையன்கள் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். இரு கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்களும் தம்மிடமுள்ள அணிப் படங்கள், ஆட்டப் புள்ளித்தாள்கள், கோப்பைகளில் பொறித்த ஆண்டுகள் ஆகியவற்றை ஒரே பட்டியலாகச் சேர்க்க வேண்டும். தன்னாமுனையிலோ திருகோணமலையிலோ அப்படியொரு படம் உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கினால், அதன் பின்புறம் பெயர்களையும் ஆண்டையும் இப்போதே எழுதிவையுங்கள்.