மங்கலதேவி கண்ணகி கோட்டம்

கேரளத்தின் இடுக்கி மாவட்டக் குமுளிக்கும் தமிழ்நாட்டின் தேனி மாவட்டக் கூடலூருக்கும் மேலே, பெரியாறு புலிகள் காப்பகத்தை ஒட்டிய மலையுச்சியில் சிதைந்து நிற்கும் கற்கோயில். சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்கு எடுத்த கோட்டம் இதுவே என்று 1963இல் சி. கோவிந்தராசனார் அடையாளங்காட்டினார். இன்று நிற்கும் கட்டடம் சேரன் காலத்தது அன்று. பிற்காலத்துப் பாண்டிய மரபின் கட்டுமானம் அது.

ஆண்டில் ஒரே நாள், சித்திரைப் பௌர்ணமியன்று மட்டும், நடை திறக்கிறது. ஏற்பாடுகளை இரு மாவட்ட ஆட்சியர்களும் சேர்ந்து கவனிக்கிறார்கள். குமுளியிலிருந்து ஜீப்பிலும், பளியன்குடியிலிருந்து காட்டுவழியாக நடந்தும் மக்கள் ஏறுகிறார்கள். பூசை தமிழ் முறையிலும் கேரள முறையிலும் தனித்தனியே நடக்கும். இரு மாநிலங்களின் எல்லைத் தகராறு தீராத இடத்தில் இது வியப்பான ஏற்பாடுதான். பெண்களுக்கு மஞ்சள் கயிறும் வளையலும் பிரசாதம். கணவனை இழந்து நகரையே எரித்தவளிடம் தாலிபாக்கியம் கேட்பது முரணாகத் தோன்றலாம். ஆனால் சீறியவளையே குளிர்வித்துக் காவலாக்கிக்கொள்வதுதான் அம்மன் வழிபாட்டின் போக்கு.

சிலப்பதிகாரத்தில் வேங்கை மரநிழலில் நின்ற அவளை முதலில் தெய்வமாகக் கண்டவர்கள் குன்றக்குறவர். அரசன் பின்னரே வருகிறான். அதே நூலின் வேட்டுவ வரியில் சாலினி என்னும் பெண், கொற்றவை தன்மேல் ஏற, ஆடிக் குறி சொல்கிறாள். வாள் ஏந்திய வெளிச்சப்பாடுகளாக (சாமியாடிகளாக)ப் பெண்களும் திரளும் கொடுங்கல்லூர்ப் பரணி விழாவை இந்தச் சாமியாட்டத்தின் தொடர்ச்சியாகக் கருதுவோர் உண்டு. அம்மன் காவலாக நிற்பதைப் பாலக்காட்டுச் சித்தூரிலும் காணலாம்: அங்கே பகவதி கொங்குப் படையை வென்ற கதை கொங்கன்படை விழாவாக ஆண்டுதோறும் நடிக்கப்படுகிறது. இலங்கையில் சிங்கள பௌத்தர்கள் கண்ணகியைப் பத்தினித் தெய்வமாக வணங்குகின்றனர்.