வேரோடு பெயர்த்தவை: ஜூனிப்பரும் சந்தனமும்

போன்சாய்க் கலையைப் பழக விழைவோர் பலரும் முதலில் கையில் எடுப்பது ஜூனிப்பர் செடியைத்தான். கம்பி சுற்றினால் அதன் கிளை வளைந்து கொடுக்கும். செதில் போன்ற சிற்றிலைகள் சிறு தொட்டியிலும் முதுமரத்தின் சாயலைத் தரும். ஆனால், தொடக்கநிலையாளரை அதிகம் ஏமாற்றுவதும் அதுவே. உயிர் போன பின்னரும் ஜூனிப்பர் வாரக்கணக்கில் பச்சை மாறாது நிற்கும். நாம் நிறம் மாறுவதைக் கண்டு பதறி நீர் வார்க்கும்போது, மரம் என்றோ இறந்திருக்கும்.

தொட்டியில் குறுமரம் வளர்க்கும் வழக்கம் சீனத்தில் தோன்றியது. கி.பி. 706இல் எழுப்பப்பட்ட தாங் வம்சத்து இளவரசர் ஒருவரின் கல்லறைச் சுவரோவியத்தில், பணியாளர் சிறு செடியும் கற்களும் கொண்ட தட்டை ஏந்தி நிற்பதைக் காணலாம். ஜப்பானியர் இக்கலையைத் தமதாக்கி வளர்த்தனர். அவர்கள் போற்றிய 'ஷிம்பாக்கு' என்னும் ஜூனிப்பர், ஷிக்கோக்குத் தீவின் இஷிசுச்சி மலைப் பாறைகளில் காற்றாலும் பனியாலும் முறுகி வளர்ந்தது. பட்டை உரிந்து வெளுத்துப்போன அதன் பட்ட கட்டைக்கே மதிப்பு அதிகம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மரம் தேடுவோர் கயிற்றில் தொங்கிச் செங்குத்துப் பாறைகளில் இறங்கினர். வீழ்ந்து மாண்டவரும் உண்டு. சில பத்தாண்டுகளிலேயே அம்மலையில் நல்ல மரங்கள் அருகிப்போயின.

இதைப் படிக்கையில் நம் ஜவ்வாது மலை நினைவுக்கு வராமல் இராது. குளிர்நிலத்து ஜூனிப்பர் அங்கே இயல்பாக வளர்வதில்லை. அம்மலையின் புகழ் சந்தனத்தால் வந்தது. மலையடிவாரத்துத் திருப்பத்தூரில் அரசின் சந்தனக் கிடங்கு அமைந்ததும் அதனால்தான். மைசூரில் திப்பு சுல்தான் 1792இல் சந்தனத்தை அரசுக்குரிய மரமாக அறிவித்தார். பின்வந்த ஆட்சிகளும் அந்த உரிமையை விட்டுவிடவில்லை. சந்தனத்தின் மணமும் உயிரற்ற வைரக்கட்டையில்தான் இருக்கிறது. வேரில் எண்ணெய் மிகுதி என்பதால் அதை வெட்டுவதில்லை, வேரோடு பெயர்த்தெடுப்பார்கள். சட்டத்தின் பெயரால் ஒரு பங்கும் திருட்டின் வழியே மறு பங்கும் போக, மலையில் முதிர்ந்த சந்தனங்கள் அரிதாயின.

இரு மலைகளிலும் மரத்தின் விலை மலையில் வாழ்வோரைச் சேரவில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் எனக் கூறி இருபது தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தினர். ஜவ்வாது மலைப் பழங்குடியினரும் அவர்களுள் இருந்தனர். மோதல் என்ற காவல்துறை விளக்கம் அப்போதே கேள்விக்குள்ளாயிற்று. கட்டையை வாங்கியவர் எவரும் அந்தக் காட்டில் விழவில்லை.

அப்படியாயின் தொட்டியில் மரம் வளர்ப்பதே குற்றமா? அவ்வாறு நாம் கருதவில்லை. இன்று விற்பனைக்கு வரும் ஷிம்பாக்கு ஜூனிப்பர்களில் பெரும்பாலானவை கிளைத்துண்டை நட்டு வளர்த்தவை. காட்டில் கிடைத்ததைப் பெயர்ப்பதிலிருந்து நாற்றங்காலில் வளர்ப்பதற்கு அக்கலை வந்து சேர்ந்தது, மலை வெறுமையான பிறகே. முதல் மரத்தை வாங்குவோர் அது எங்கிருந்து வந்தது என்று கேட்கட்டும். பிறகு கத்திரியை எடுக்கட்டும்.

ஜூனிப்பரில் இலையற்ற பழைய கட்டை மீண்டும் துளிர்ப்பதில்லை; ஆகவே ஒவ்வொரு கிளையிலும் பசுமை மிஞ்சவேண்டும். ஒரே முறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இலையைக் கழிப்பதும், கிளை கழித்த பருவத்திலேயே வேரையும் குலைப்பதும் ஆகா. கம்பி பட்டையில் பதியுமுன் அதை வெட்டி எடுத்துவிட வேண்டும். எவ்வளவு எடுக்கலாம் என்பதைவிட எவ்வளவு விட்டுவைக்க வேண்டும் என்பதே முதற்பாடம். இஷிசுச்சியும் ஜவ்வாதும் அப்பாடத்தைக் காலந்தாழ்த்திக் கற்றன. பச்சை தெரிகிறது என்பதால் மலை உயிரோடிருக்கிறது என்று நாமும் நம்பிக்கொண்டிருக்கலாகாது.