தகடூர் அதியமானுக்கு வாரிசு யார்?

முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. அதனால் இந்த முறை சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளவும்.

போன மாதம் பேரனுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். வீட்டு வம்சாவளியை எழுதிக்கொண்டு போக வேண்டுமாம். "தாத்தா, உங்க அம்மாவோட அப்பா பேரு சொல்லுங்க" என்றான், சொன்னேன். "அவருக்கு அப்பா?" என்றான். தெரியவில்லை. என் தகப்பனார் வழி புதுச்சேரி. அங்கே பிரெஞ்சுக்காரன் வைத்த 'எத்தா சிவில்' பதிவேட்டில் நாலு தலைமுறை வரைக்கும் பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் தேதியோடு கிடக்கும். தாயார் வழி தர்மபுரிப் பக்கம். அங்கே என் தாத்தா பேரோடு ஏடு முடிந்துபோகிறது. வருவாய்த்துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் ஊருக்கெல்லாம் வாரிசுக் கோப்பு எழுதியவனுக்கு இந்த நிலைமை!

புதுச்சேரியில் நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். எங்களுக்குச் சரித்திரம் என்றால் பிரான்சு சரித்திரம்தான். வாத்தியாரை 'முசியே' என்போம். அவர் சொன்ன கதைகளில் கியோம் என்ற ஒரு பிரபுவின் கதை மட்டும் இன்றைக்கும் மறக்கவில்லை. இங்கிலீஷில் வில்லியம் மார்ஷல் என்பார்கள். நார்மண்டியிலிருந்து கடல் தாண்டி வந்து இங்கிலாந்தைப் பிடித்த கூட்டத்தின் வழிவந்தவர். 1152ல், சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே, ஸ்டீபன் ராஜாவிடம் பிணையாக இருந்தார். "உன் கோட்டையைக் கொடு, இல்லாவிட்டால் பிள்ளையைத் தூக்கில் போடுவேன்" என்று ராஜா ஆள் அனுப்ப, தகப்பனோ, "சம்மட்டியும் பட்டறைக் கல்லும் என்னிடம் இருக்கிறது, இதைவிட நல்ல பிள்ளையை அடித்துக்கொள்வேன்" என்று சொல்லியனுப்பினானாம். ராஜாவுக்கு மனசு வரவில்லை, பிள்ளை பிழைத்தது. அந்தப் பிள்ளைதான் பின்னாளில் பெம்புரோக் சீமைக்குப் பிரபுவாகி, மூன்றாம் ஹென்றி சிறுவனாயிருந்தபோது நாட்டையே நடத்தி, 1219ல் இறந்தது. ஐந்து ஆண் பிள்ளைகள். ஐந்து பேரும் ஒருவர்பின் ஒருவராகப் பட்டம் ஏற்று, வாரிசு இல்லாமலே போனார்கள். 1245க்குள் எல்லாம் முடிந்து, சொத்து ஐந்து பெண்களின் வழியில் பிரிந்துவிட்டது.

இவ்வளவும் எப்படித் தெரியும் என்றால், அவர் இறந்த சில வருஷங்களில் மூத்த மகன் பிரெஞ்சில் ஒரு நெடும் பாட்டு எழுதச் செய்தான். பத்தொன்பதாயிரம் அடிக்கு மேல். அந்த ஏட்டை 1861ல் லண்டனில் ஓர் ஏலத்தில் பால் மேயர் என்ற பிரெஞ்சுப் பண்டிதர் கண்ணால் பார்த்தார், ஆனால் அதை வேறொருவர் வாங்கிப் போய்விட்டார். இருபது வருஷம் தேடி 1881ல்தான் மறுபடி கண்டுபிடித்தார். இந்தக் கதையைச் சொல்லும்போது முசியேவின் குரல் தழுதழுக்கும்.

தகப்பனார் காலமான பிறகு தாய்மாமன் வீட்டோடு தர்மபுரிக்கு வந்துசேர்ந்தேன். தமிழை முறையாகப் படித்ததே இங்கேதான். சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதி தாலுகா ஆபீசில் உட்கார்ந்த பிறகுதான், என் காலடியிலேயே அந்தப் பிரபுவைவிடப் பழைய வம்சம் ஒன்று இருப்பது தெரிந்தது. அதியமான்கள். தர்மபுரிக்குப் பழைய பெயர் தகடூர். ஊருக்குத் தெற்கே சேலம் போகிற வழியில் உள்ள அதியமான்கோட்டையை பஸ்ஸில் தாண்டாதவர் இந்த ஜில்லாவில் உண்டா?

நெடுமான் அஞ்சியை எல்லோருக்கும் தெரியும். நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவையாருக்குக் கொடுத்தவன். அந்த ஔவையாரைக் காஞ்சித் தொண்டைமானிடம் தூது அனுப்பியவன். மலையமான் திருமுடிக்காரியின் கோவலூரை வென்றவன். அவன் முன்னோர்தான் இந்நாட்டுக்குக் கரும்பைக் கொண்டுவந்தவர்கள் என்று புறநானூற்றில் இருக்கிறது. பாலக்கோடு பக்கத்துக் கரும்பு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும். அவன் மகன் பொகுட்டெழினி. 'எழினி' என்பது அந்தக் குடும்பத்தில் திரும்பத் திரும்ப வரும் பெயர். நம் வீடுகளில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற மாதிரி.

அஞ்சி பனம்பூ மாலை சூடியவன். பனம்பூ சேரனுடைய மாலை. ஆக இவர்கள் சேரருக்குப் பங்காளிகள் என்று பண்டிதர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தகடூரை முற்றுகையிட்டு அழித்தவனும் ஒரு சேரன்தான், பெருஞ்சேரல் இரும்பொறை. 'தகடூர் எறிந்த' என்றே அவனுக்குப் பட்டப்பெயர். பங்காளிச் சண்டை நம் தாலுகா ஆபீஸ்களில் தொடங்கியது அல்ல. அந்தப் போரைப் பற்றி 'தகடூர் யாத்திரை' என்று ஒரு தனி நூலே இருந்தது. புறத்திரட்டிலும் பழைய உரைகளிலும் எடுத்தாண்ட சில பாட்டுகள்தான் இப்போது மிச்சம். நமக்கும் ஒரு பால் மேயர் வந்திருந்தால் என்று நினைத்துக்கொள்வேன்.

பாட்டில் இருப்பதெல்லாம் சாட்சியாகுமா என்று கேட்பவர்களுக்காக 1981ல் ஒரு கல் பேசியது. திருக்கோவிலூருக்கு அருகே ஜம்பை என்னும் ஊரின் குன்றில், தாசிமடம் என்று மக்கள் சொல்லும் குகையில், தொல்லியல் துறையினர் ஒரு தமிழ் பிராமிக் கல்வெட்டைக் கண்டார்கள். நாகசாமி அவர்கள் அப்போது அந்தத் துறையின் இயக்குநர். 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி' என்று ஒரே வரி. பாளி என்றால் துறவிகள் தங்கும் குகை. அசோகனுடைய இரண்டாம் பாறைக் கட்டளையில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு 'சத்தியபுத்திரர்' என்று ஒருவர் வருவார். அவர் யார் என்று ஆராய்ச்சியாளர்கள் சத்தியமங்கலம், துளு நாடு என்று ஆளுக்கொரு ஊரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு வரி வழக்கை முடித்துவைத்தது. கல்வெட்டை ஐயப்பட்டவர்களும் உண்டு. ஆனால் ஐராவதம் மகாதேவன் போன்றவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். கோவலூரை அஞ்சி வென்றதாகப் பாட்டு சொல்கிறது, கல்லும் கோவலூருக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. இதைவிட வேறு என்ன ஆதாரம் வேண்டும்?

சிக்கல் அதற்குப் பிறகுதான். சில நூற்றாண்டுகளுக்குச் சத்தமே இல்லை. எட்டாம் நூற்றாண்டில் நாமக்கல் மலையைக் குடைந்த விஷ்ணு கோயிலில் அதிய குலத்துக் குணசீலன் பெயர் வருகிறது. அதே காலத்தில் பாண்டியன் நெடுஞ்சடையன், காவிரியின் வடகரையில் ஆயிரவேலி, அயிரூர், புகழியூர் என்ற இடங்களில் தகடூர் அதியனைத் தோற்கடித்ததாகச் செப்பேட்டில் சொல்லிக்கொள்கிறான். பிறகு நுளம்பர்கள் தகடூரில் இருந்தார்கள். அதன்பின் அதியமான்கள் சோழருக்கு அடங்கிய தலைவர்களாகத் திரும்பி வருகிறார்கள். 1116ஐ ஒட்டி தலைக்காட்டில் சோழர் சார்பில் இருந்தவன் ஓர் அதியமான். ஒய்சள விஷ்ணுவர்த்தனனின் தளபதி கங்கராஜன் நாட்டை ஒப்படைக்கச் சொன்னபோது, "சண்டை போட்டு எடுத்துக்கொள்" என்றானாம். சண்டை போட்டு எடுத்துக்கொண்டார்கள். எதிரியின் கல்வெட்டிலேயே இவனுடைய வீம்பு பதிவாகியிருப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இனி நான் சொல்ல வந்த ஆளுக்கு வருகிறேன். விடுகாதழகிய பெருமாள். மூன்றாம் குலோத்துங்க சோழன் காலம், அதாவது 1178 முதல் 1218 வரை. நம் வில்லியம் மார்ஷலும் இவரும் ஒரே காலத்து மனிதர்கள். தொங்கும் காதுகள் அழகாயிருந்ததால் அந்தப் பெயர் போலும். தந்தை ராஜராஜ அதிகன், தகடூர்த் தலைவன். கம்பைநல்லூர்க் கோயிலிலும் இவர் பெயர் இருக்கிறது.

ஓய்வு பெற்ற மறுவருஷம், போளூருக்கு அருகே உள்ள திருமலைக்குப் போனேன். சமணர் மலை. ராஜேந்திர சோழனின் புகழ்பெற்ற கல்வெட்டு இருக்கும் அதே மலைதான். அங்கே விடுகாதழகியரின் கல்வெட்டு தமிழிலும் வடமொழியிலும் இருக்கிறது. சாரம் இதுதான்: சேர வம்சத்து எழினி முன்னாளில் செய்துவைத்த யட்சன், யட்சி உருவங்கள் பழுதாகிவிட்டன. அவன் மரபில் வந்த ராஜராஜ அதிகனின் மகன் விடுகாதழகிய பெருமாள் அவற்றைச் சீர்செய்து மலையில் மறுபடி வைத்தான், ஓர் எறிமணியும் கொடுத்தான், கடப்பேரிக்குக் கால்வாயும் வெட்டினான்.

அந்த எழினி எந்த எழினி? சங்க காலத்தவனா, நடுவில் வந்த வேறு ஒருவனா? சங்க காலத்தவன் என்றால் இடையில் ஓராயிரம் வருஷத்துக்கு மேல் போயிருக்கிறது. தகப்பன் பெயர் ஒன்றுதான் கல்லில் இருக்கிறது, அதற்கு மேல் இடைப்பட்ட ஒரு பெயரும் இல்லை. என் மேஜைக்கு இந்த மனு வந்திருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று அங்கேயே உட்கார்ந்து யோசித்தேன். 'மனுதாரர் எழினியின் வழித்தோன்றல் என்பதற்குத் தக்க ஆவணம் இல்லை. நிராகரிக்கலாம்.' வேறு எதுவும் எழுதியிருக்க மாட்டேன். விடுகாதழகியரிடம் இருந்தது ஒரு பெயர், ஒரு பழைய சிலை, அதைப் பழுதுபார்க்கக் கொஞ்சம் பணம். அவ்வளவுதான். அந்த மணியை நினைத்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது.

எழுபதுகளின் கடைசி. கர்ணம், மணியக்காரர் இருந்த காலம். ஒரு வயதான அம்மாள் கணவரின் வாரிசாகத் தன் பெயரைச் சேர்க்கச் சொல்லி மனு கொடுத்திருந்தார். நிலம் மாமனார் பெயரில். கணவர் இன்னாருடைய மகன் என்று காட்ட ஒரு காகிதமும் இல்லை. கொழுந்தன் மக்கள், "அவர் எங்க தாத்தாவுக்குப் பொறந்தவரே இல்ல" என்று எழுதிக்கொடுத்துவிட்டார்கள். கர்ணமும் அந்தப் பக்கம்தான். அந்த அம்மாள் என் மேஜை முன்னால் நின்று, "சாமி, எங்க ஊருக் கோயில் மணியில எழுதியிருக்குது. இன்னார் மவன் இன்னார் உபயம்னு எங்கூட்டுக்காரரு பேரு போட்டிருக்குது. ஒரு எட்டு வந்து பாருங்க சாமி" என்றார்.

"ஆயா, மணியெல்லாம் ஆவணம் ஆகாது" என்றேன். எனக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. விதி தெரியும் என்ற மிடுக்கு. பதினோரு மைல்தான், சைக்கிளில் போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை. குறிப்பு எழுதினேன், கையெழுத்தாயிற்று. அவர் மறுபடி வரவில்லை.

திருமலையிலிருந்து திரும்பிய வாரமே அந்த ஊருக்கு பஸ் ஏறினேன். மாரியம்மன் கோயிலுக்குப் புதிதாக சிமெண்ட் மண்டபம் கட்டியிருந்தார்கள். மணி பழைய மணிதான். பூசாரியிடம் கேட்டு ஸ்டூல் போட்டு ஏறி, கைக்குட்டையால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துப் படித்தேன். மாமனார் பெயர், 'மகன்' என்ற சொல், கணவர் பெயர், உபயம். வருஷத்தையும் வெட்டியிருந்தார்கள், 1941. அந்த அம்மாள் போய்ச் சேர்ந்து பதினெட்டு வருஷம் ஆயிற்று என்றார் பூசாரி. பிள்ளைகள் பெங்களூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போனவர்கள், எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. நிலத்தில் பிளாட் கல் நட்டிருந்தது.

மணியில் இருந்ததை அப்படியே ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்தேன். பேரனுடைய வம்சாவளித் தாளைத் தேடும்போது போன மாதம் அதுவும் கையில் கிடைத்தது. என் தாயார் ஊர்க் கோயிலிலும் பழைய மணி ஒன்று உண்டு. கால் சரியானதும் பேரனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டும்.