முடிக்கும் உரிமை யாரிடம்? சிங்கப்பூரின் பல்கலைக்கழகக் கூட்டுறவுகளை முன்வைத்து

இரு நாட்டுப் பல்கலைக்கழகங்கள் கூட்டுச் சேரும்போது யார் பணம் தருவார், யார் பட்டம் வழங்குவார், எத்தனை மாணவர் சேர்வர் என்பதெல்லாம் விரிவாகப் பேசப்படுகிறது. அந்தக் கூட்டுறவை யார் முடித்து வைக்கலாம், முடிந்தபின் நூல்களும் ஆசிரியர்களும் மாணவர்களும் எங்கே போவார்கள் என்பதைக் கேட்பவர் குறைவு. ஒரு கூட்டுறவின் தரத்தை அளக்க இந்தக் கேள்வியே முதன்மையானது என்பது இக்கட்டுரையின் வாதம். அதற்குச் சிங்கப்பூரைப் போலச் சான்று தரும் ஊர் வேறில்லை.

தமிழருக்கு நெருக்கமான சான்றிலிருந்து தொடங்கலாம். 1949இல் சிங்கப்பூரில் நிறுவப்பட்ட மலாயாப் பல்கலைக்கழகம், 1950களில் இந்தியவியல் துறை ஒன்றைத் தொடங்க முனைந்தது. சமஸ்கிருதத்துக்கே அங்கு முதலிடம் தரப்படும் என்ற நிலை வந்தபோது, ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி எதிர்த்து எழுதினார். எழுதியதோடு நிற்காமல் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி (டாலர்) என்று கேட்டார். பல்கலைக்கழக வாசலையே மிதித்திராத தொழிலாளர்களும் கொடுத்தார்கள். லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலையை அங்காடித் தெருவாக மட்டும் அறிந்தவர்கள், அதைச் சுற்றி வாழ்ந்த மக்கள் ஓர் உயர்கல்வித் துறையின் மொழியைத் தீர்மானிக்கக் குரல் கொடுத்தார்கள் என்பதையும் அறிய வேண்டும். 1956இல் துறை அமைந்தது, தமிழோடு.

ஆனால் மூன்றே ஆண்டுகளில் அது கோலாலம்பூருக்குப் போய்விட்டது. 1959இல் பல்கலைக்கழகம் இரு பிரிவுகளாகி, 1962இல் இரு தனிப் பல்கலைக்கழகங்களாயிற்று. சென்ற இடத்தில் துறை செழித்தது. தமிழறிஞர் தனிநாயகம் அடிகளார் 1961 முதல் அங்குப் பேராசிரியராகப் பணியாற்றினார். 1964இல் தில்லியில் உருவான உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் முதல் மாநாட்டை 1966இல் கோலாலம்பூரில் கூட்ட முடிந்ததென்றால், அதற்கு அந்த ஊரில் ஒரு துறையும் அதில் இருந்த மனிதர்களுமே காரணம். பாரிஸ், பிராக், சென்னை என்று பரந்து கிடந்த அறிஞர்களை ஒன்றுசேர்க்க ஊன்றி நிற்க ஓரிடம் தேவைப்பட்டது. சிங்கப்பூரோ அந்த இடத்தை இழந்திருந்தது. வெள்ளி கொடுத்தவர்களிடம் இடமாற்றம் பற்றி எவரும் கருத்துக் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்க வேண்டும் என்ற விதியும் இருந்ததாகத் தெரியவில்லை. தமிழை ஆட்சிமொழியாகக் கொண்ட நாட்டின் பழம்பெரும் பல்கலைக்கழகத்தில் இன்றுவரை தமிழ்த்துறை என்று ஒன்று இல்லை.

அரை நூற்றாண்டுக்குப் பின் சிங்கப்பூர் வேறொரு வழியை முயன்றது. ‘உலகக் கல்விக்கூடம்’ என்ற திட்டத்தை 2002இல் அறிவித்து, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களை அழைத்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் 2007இல் வளாகம் திறந்தது. முதல் பருவத்துக்கு 300 மாணவரை எதிர்பார்த்து, 148 பேர் மட்டுமே சேர, அந்தப் பருவம் முடிந்ததுமே மூடியது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் டிஷ் கலைப்பள்ளி 2007இல் வந்து, பணப் பற்றாக்குறையால் 2015இல் முடிந்தது. இவற்றை நிதிக் கணக்கின் தோல்வி என்று சொல்லிக் கடந்துவிடலாம்.

யேல்-என்யூஎஸ் கல்லூரியை அப்படிக் கடக்க முடியாது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகமும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் 2011இல் உடன்பாடு கண்டு, 2013இல் மாணவரைச் சேர்த்தன. கிழக்கையும் மேற்கையும் ஒரே பாடத்திட்டத்தில் வைத்துப் படிப்பித்த கல்லூரி அது. அதை நான் மதிக்கிறேன். பட்டம் தேசியப் பல்கலைக்கழகத்துடையது. 2025இல் எந்தத் தரப்பும் விலகிக்கொள்ளலாம் என்ற விதி உடன்பாட்டிலேயே இருந்தது. 2021 ஆகஸ்ட் 27 அன்று, கல்லூரி மூடப்படும் என்று மாணவருக்கும் ஆசிரியருக்கும் அறிவிக்கப்பட்டது. தேசியப் பல்கலைக்கழகம் எடுத்த முடிவு அது. யேல் தரப்புக்கே அதற்குச் சில வாரங்கள் முன்புதான் தெரியும். அந்த ஆண்டு சேர்ந்தவர்களே கடைசி வகுப்பினர்.

2025 மே மாதம், அந்தக் கல்லூரி நூலகத்தின் புத்தகங்கள் மறுசுழற்சிக்காக ஏற்றப்படும் காட்சி வெளியானது. பழைய மாணவர்கள் கொதித்தார்கள், பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. நூல்களை மாணவருக்குக் கொடுத்திருக்கலாம் என்பது உண்மை. அதைவிட முக்கியம், தொடங்கும்போதே நூலகத்தின் பிற்கால உரிமையை எழுதி வைத்திருந்தால் அந்தக் காட்சியே நேர்ந்திராது என்பது. விலகும் உரிமையைத் தெளிவாக எழுதிய உடன்பாடுகூட, அந்த உரிமையைப் பயன்படுத்தும்போது யாரைக் கலந்து பேச வேண்டும் என்பதில் மௌனமாக இருந்தால் போதாது.

இதற்கு மாறான சான்று லிட்டில் இந்தியாவிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் லண்டன் இம்பீரியல் கல்லூரியும் 2010இல் உடன்பாடு செய்து நிறுவிய லீ கொங் சியான் மருத்துவப் பள்ளி, நொவீனாவில் டான் டொக் செங் மருத்துவமனையை ஒட்டி இயங்குகிறது. 2013இல் 54 மாணவரோடு தொடங்கியது. அங்கே கூட்டுப்பட்டம் 2024 முதல் சேர்வோருக்கு நன்யாங்கின் பட்டமாக மாறியது. முன்பே சேர்ந்தவர்களுக்குக் கூட்டுப்பட்டம் உண்டு. பள்ளி நிற்கிறது, ஆசிரியர் இருக்கிறார்கள், மருத்துவமனை இருக்கிறது. கற்றுக்கொடுக்க வந்தவர் படிப்படியாக விலக, கற்றவர் பொறுப்பேற்கும் முறை இது. ஊட்ரம் வளாகத்தில் 2005 முதல் நிலைத்திருக்கும் டியூக்-என்யூஎஸ் மருத்துவப் பள்ளியின் பலமும் பக்கத்திலுள்ள பொது மருத்துவமனைதான். உள்ளூரின் அன்றாடத் தேவையோடு பிணைந்த கூட்டுறவை எளிதில் கலைத்துவிட முடியாது.

அரசின் பணம், அரசின் முடிவு, இதில் மற்றவர்க்கு என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். மாணவன் நான்கு ஆண்டு வாழ்க்கையைப் போடுகிறான், ஆசிரியர் தம் நாட்டையே விட்டு வருகிறார். அவையும் முதலீடுதான். முடிவெடுக்கும் அதிகாரத்தைப் பிடுங்க வேண்டியதில்லை. முன்னறிவிப்பும் கலந்தாய்வும் கட்டாயம் என்றாலே பெருமளவு போதும்.

இது தமிழருக்கு நேரடியாகப் பொருந்தும். ஹார்வர்டில் தமிழ் இருக்கைக்கு 60 இலட்சம் அமெரிக்க டாலர் திரட்டினோம். தமிழக அரசு 10 கோடி ரூபாய் தந்தது. டொராண்டோவில் 30 இலட்சம் கனடிய டாலர் சேர்ந்தது. யாரை நியமிப்பது, என்ன கற்பிப்பது என்பவை பல்கலைக்கழகத்தின் உரிமை. கொடையாளர் அதில் தலையிடக் கூடாது. ஆனால் இருக்கை நெடுங்காலம் காலியாகக் கிடந்தாலோ வேறு துறையோடு இணைக்கப்பட்டாலோ என்ன செய்வது என்று கேட்பது தலையீடு ஆகாது.

சிங்கப்பூரில் இன்று தமிழ்ப் பட்டப்படிப்பு சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஆசிரியப் பயிற்சி தேசியக் கல்விக் கழகத்தில் நடக்கிறது. பீட்டி ரோட்டில் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் இயங்குகிறது. மாணவரும் ஆசிரியரும் பள்ளிகளும் உள்ள இந்த ஊரோடு சென்னையோ யாழ்ப்பாணமோ கைகோக்க முன்வரலாம், வர வேண்டும். அந்த ஒப்பந்தங்களை எழுதப்போகும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முடித்து வைக்கும் விதியை முதலில் எழுதுங்கள். நூல்கள் யாருக்கு, மாணவருக்கு என்ன உறுதி, எத்தனை ஆண்டு முன்னறிவிப்பு, யாரைக் கலந்து பேச வேண்டும் என்று பெயர் குறித்து எழுதுங்கள். அதன்பின் கையெழுத்திடுங்கள்.