வெள்ளக்கடை: மலை இளைஞர் வெளியேற்றமும் தங்குமிட உதவியும்

வெள்ளக்கடை, சேலம் மாவட்டம் ஏற்காடு ஊராட்சி ஒன்றியத்தில், சேர்வராயன் மலைமேல் உள்ள ஊராட்சி. இந்த ஒன்றியத்தின் மக்களில் பெரும்பான்மையோர் பட்டியல் பழங்குடியினரான மலையாளிகள். ஏற்காடு சட்டமன்றத் தொகுதியும் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டதே. காப்பியும் மிளகும் இங்கே பிழைப்பு. பட்டப்படிப்புக்கோ ஆலை வேலைக்கோ போகும் இளைஞர் பெரும்பாலும் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்கு இறங்குகிறார்கள். அல்லது திருப்பூர், கோவை என்று இன்னும் தள்ளிப் போகிறார்கள். விசித்திரம் என்னவென்றால், தங்கிப் படிப்பது இம்மலைக்குப் புதிதே அல்ல. திருஇருதய மடத்துப் பள்ளி 1894-லும் மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917-லும் தொடங்கி, வெளியூர்ப் பிள்ளைகளை மலையேற்றித் தங்கவைத்தன. மலைப்பிள்ளைகள் கீழே தங்க இடம் தேடுவதுதான் இன்னும் தீராத சிக்கல்.

அரசு உதவியே இல்லை என்று சொல்ல முடியாது. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தொடக்க வகுப்பிலேயே பிள்ளை வீட்டைப் பிரிகிறது; கல்லூரிக் காலத்தில் நலத்துறை விடுதி கைகொடுக்கிறது. அதற்குச் சாதிச் சான்று, வருமானச் சான்று எல்லாம் வேண்டும். பழங்குடியினர் சாதிச் சான்றை வழங்குபவர் தாசில்தார் அல்ல, கோட்டாட்சியர். ஆகவே படுக்கை கிடைக்கும் முன்பே மலையிலிருந்து சில நடை அலைய வேண்டியிருக்கும். உயர்கல்விக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-லும், மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் 2024-லும் வந்தன. இந்த உதவிகள் அனைத்துக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு: அவை மாணவன் என்ற தகுதியோடு கட்டப்பட்டவை. படிப்பு முடிந்ததும் விடுதியைக் காலிசெய்ய வேண்டும். வேலை தேடும் மாதங்களுக்குக் கூரை கிடையாது. சேலத்தில் ‘குடும்பத்துக்கு மட்டும்’ என்று டு-லெட் பலகை தொங்கும் வீடு தனி இளைஞனுக்குக் கிடைக்காது. கிடைத்தாலும், சில மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்டால் காப்பித் தோட்டக் கூலி வாங்கும் குடும்பம் அதை எங்கே புரட்டும்?

ஆலைகளே விடுதி தருகின்றனவே என்பார்கள். தருகின்றன, ஆனால் கூரையும் கூலியும் ஒரே கையில் இருக்கும்போது வேலையை விட்டவர் அன்றே இடத்தையும் விட வேண்டும். திருமணத்துக்குத் தொகை தருவதாகச் சொல்லி ஆள் எடுத்த நூற்பாலைகளின் ‘சுமங்கலி’ முறையில் இளம்பெண்கள் விடுதிக்குள் அடைபட்டதும், 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் மின்னணு ஆலைப் பெண்கள் விடுதி உணவால் நோயுற்றுச் சாலையில் அமர்ந்ததும் இதன் விளைவுகள்தாம். பின்னர் 2024-ல் அதே பகுதியின் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பை அரசு சிப்காட் மூலம் திறந்தது. இட நெருக்கடிக்கு அது பெரிய விடை. தங்குமிடம் வேலையோடு பிணைந்திருப்பதை அது மாற்றவில்லை. அரசின் ‘தோழி’ விடுதிகள் ஆலைக்கு வெளியே நிற்பவை, சேலத்திலும் உண்டு. ஆயினும் அவை முதன்மையாகப் பணிபுரியும் மகளிருக்கானவை; ஆண்களுக்கு அல்ல.

மலையிலேயே வேலை உண்டாக்கினால் வெளியேற்றம் நிற்காதா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் காப்பிப் பழம் பறிக்கும் பருவம் ஆண்டில் சில மாதங்களே; சுற்றுலா வேலையும் கோடைக் கூட்டத்தை நம்பியது. படித்த பிள்ளைகள் எல்லோரையும் இவை தாங்கா. விரும்பி இறங்குபவரைத் தடுப்பதும் யாருடைய உரிமையுமல்ல. வேலை தேடுவோரை இலவசமாகத் தங்கவைத்தால் சோம்பல் வளரும் என்பது இன்னொரு வாதம். பெற்றோர் வீட்டில் இருந்தபடி வேலை தேடும் நகரத்துப் பிள்ளையிடம் இதை எவரும் சொல்வதில்லை.

படிப்புக்கும் வேலைக்கும் இடையே தங்க இடம் தருவதற்கான முன்மாதிரி சட்டத்திலேயே இருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், குழந்தைகள் இல்லங்களிலிருந்து 18 வயதில் வெளியேறுவோருக்கு 21 வயதுவரை பின்காப்பு உதவி தர இடமளிக்கிறது. அதன் 2016 மாதிரி விதிகள், ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்து தற்காலிகமாக வாழும் குழு வீடுகளையும் சொல்கின்றன. சேலத்தில் அப்படிச் சில வீடுகளைப் பழங்குடியினர் நலத்துறை வாடகைக்கு எடுத்து, படிப்பையோ முதலாளியையோ கேட்காமல் வயதை மட்டும் பார்த்து ஓராண்டு இடம் தரலாம். புதிய கட்டடம் தேவையில்லை. ஆனால் உண்டு உறைவிடப் பள்ளி இச்சட்டப்படியான குழந்தைகள் இல்லம் அல்ல. அதனால், பத்தாண்டுக்கு மேல் அரசு விடுதியிலேயே வளர்ந்திருந்தாலும் வெள்ளக்கடை இளைஞருக்கு இன்று அந்தப் பின்காப்பு கிடையாது.