பழைய கடிகாரத்துக்குப் புது மெருகு



பழைய கைக்கடிகாரமொன்றைத் திருத்துவேலைக்குக் கொடுக்கும்போது கடைக்காரர் ஒரு கேள்வி கேட்பார். சில வேளை கேளாமலே செய்துவிடுவார். உள்ளேயுள்ள பொறியைக் கழற்றிச் சுத்தஞ்செய்து எண்ணெயிட்டபின், வெளிக்கூட்டையும் மெருகிட்டுத் தருவதா என்பதே அக்கேள்வி. விலை மிகுந்த பழைய கடிகாரங்களை வைத்திருப்போர் இன்று இதன் முன் நெடுநேரம் தயங்கி நிற்கின்றனர். அறுபது எழுபது ஆண்டுகளின் முன் இத்தயக்கம் அரிது. மெருகு வேண்டாம் என்பவரைக் கருமி என்றே அன்று பலரும் எண்ணியிருப்பர். பளபளப்பை விரும்பிய மனம் எவ்வாறு பளபளப்புக்கு அஞ்சத் தொடங்கிற்று என்பதைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

முதலில், மெருகிடுவது என்றால் என்ன செய்வது என்று பார்ப்போம். கீறல் என்பது உலோகத்தின் மேற்பரப்பில் விழுந்த சிறு பள்ளம். மெருகுச் சக்கரம் அப்பள்ளத்தை நிரப்புவதில்லை. பள்ளத்தைச் சுற்றியுள்ள மேட்டுநிலம் முழுவதையும் பள்ளத்தின் அடிமட்டம் வரை அரைத்து இறக்கிவிடுகின்றது. கீறல் போயிற்று என்று நாம் மகிழும்போது, உண்மையிலே போனது கீறல் படாதிருந்த உலோகம். நல்ல கடிகாரக் கூட்டில் ஒரு முகம் மென்கோடுகள் ஓடுமாறு மங்கலாக விடப்பட்டிருக்கும். அடுத்த முகம் கண்ணாடிபோல் ஒளிரும். இரண்டும் சந்திக்குமிடத்திலே கத்திவாய் போன்ற விளிம்பு நிற்கும். துணிச்சக்கரம் முதலில் உண்பது இவ்விளிம்பையே. அடுத்து, வாரைத் தாங்கும் கொம்புகள் மெலியும். பொற்கூடாயின், அதன் தரத்துக்குச் சான்றாக அரசு பொறித்த முத்திரையும் மங்கும். சுவிற்சர்லாந்திலே 1880 ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் பதினெட்டு மாற்றுப் பொற்கூடுகளில் ஒரு பெண்ணின் தலை முத்திரையாகப் பொறிக்கப்பட்டு வந்தது. கொம்பின் பக்கத்திலே பொறிக்கப்பட்ட அத்தலை, இரண்டு மூன்று மெருகின்பின் வெறும் புள்ளியாகிவிடுவதுண்டு.

உள்ளே நடக்கும் வேலை வேறு. எண்ணெய் உலர்ந்தால் அச்சுமுனைகள் தேயும். ஆதலால் பொறியைக் காலந்தோறும் சுத்தஞ்செய்யாமல் விடலாகாது. வெளிமெருகு இல்லாமற் போனால் கடிகாரம் ஒரு விநாடியேனும் பிந்தப்போவதில்லை. இரண்டும் ஒரே பற்றுச்சீட்டில் எழுதப்படுவதாலேயே ஒரே வேலைபோலத் தோன்றுகின்றன.

18 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலண்டன் மாநகரிலே செய்யப்பட்ட சட்டைப்பைக் கடிகாரங்களை எடுத்துக்கொள்வோம். அவற்றுக்கு இரட்டைக் கூடுகள் இருந்தன. பொறி உட்கூட்டில் இருக்கும். வெளிக்கூடு அதனைப் பொதிந்து காக்கும். செல்வர்களின் கடிகாரங்களிலே வெளிக்கூட்டுப் பொற்றகட்டை உட்புறமிருந்து புடைத்தெழச் செய்து, புராண உருவங்களையும் வரலாற்றுக் காட்சிகளையும் சமைத்தனர். சுவிற்சர்லாந்திலே பிறந்து இலண்டனில் வாழ்ந்த ஜோர்ஜ் மைக்கேல் மோசர் இக்கலையில் தலைசிறந்தவர். 1768 இல் அரச கலைக்கழகம் தோன்றியபோது அதன் முதற் காப்பாளராக நியமனம் பெற்றவர். இத்தகைய கூடுகள் பல இன்றும் நூதனசாலைகளில் உள. அவற்றிற் பலவற்றைக் கூர்ந்து நோக்கினால் முகங்களிலே மூக்கு இராது, முழங்கால் தட்டையாயிருக்கும். எது மிகப் புடைத்து நின்றதோ அதுவே முதலில் தேய்ந்தது. சட்டைப்பைத் துணி தேய்த்தது ஒரு பங்கு. பளபளப்பு வேண்டித் துடைத்த கைகள் தேய்த்தது மற்றொரு பங்கு. இதை அறிந்த சிலர் இரட்டைக் கூட்டுக்கு மேல் மூன்றாவதாக ஒரு காப்புக்கூடும் செய்வித்தனர்.

நம் வீடுகளிலும் இதன் சாயலைக் காணலாம். சீதனமாகக் கொடுக்கும் செம்பிலும் குடத்திலும் பெயர் வெட்டுவித்தல் பழைய வழக்கம். புளியும் சாம்பலும் இட்டு நாள்தோறும் துலக்கத் துலக்கப் பாத்திரம் பொன்போல் ஒளிரும், பெயரோ மங்கும். பாட்டியின் பெயரில் முதலெழுத்து மாத்திரம் எஞ்சிய செம்புகள் இன்னும் சில வீடுகளில் உள. அதற்காக எவரையும் குறை கூறுவாரில்லை. தண்ணீர் மொள்ளும் பாத்திரம் துலக்கப்பட வேண்டியதே. ஆனால், அப்பாத்திரத்திலே தண்ணீர் மொள்வதை நிறுத்தி, பாட்டியின் நினைவாக அலுமாரியில் வைத்தபின்பும் புளியிட்டுத் தேய்ப்போமாயின் அதனை என்னென்பது?

இந்த வினாவை ஐரோப்பாவிலே முதலில் உரக்க எழுப்பியவர்கள் கட்டடங்களைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள். 19 ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலே பழைய தேவாலயங்களைப் புதுப்பிக்கும் வேகம் மிகுந்தது. சுவரின் பழஞ்சாந்தைச் சுரண்டினர். பிற்காலத்தார் சேர்த்தவற்றை இடித்தனர். முதலில் இருந்திருக்கக்கூடும் எனத் தாம் நினைத்ததைக் கட்டினர். 1877 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், ரூக்ஸ்பரித் தேவாலயத்தைப் புதுப்பிக்கப்போகின்றனர் என்ற செய்தி கேட்டுக் கவிஞரும் கைவினைஞருமான வில்லியம் மொறிஸ் பத்திரிகைக்கு எழுதினார். அதே ஆண்டில் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் பிறந்தது. அதற்குச் ‘சுரண்டல் எதிர்ப்பு’ என்ற பொருள்படும் செல்லப்பெயரும் வாய்த்தது. பொருளைச் சுரண்டுகின்றவன் அதன் பழைய நிலையை மீட்கவில்லை, தன் காலத்து விருப்பத்தையே அதன்மேல் எழுதுகின்றான் என்பது அவர்களின் வாதம். 1903 இல் வியன்னா அறிஞர் அலோயிஸ் றீகல் இதற்கு ஒரு பெயரே இட்டார். வரலாற்றுச் சான்றாகப் பொருள் பெறும் மதிப்பு ஒன்று; முதுமை தன்னில் தெரிவதனால் அது பெறும் மதிப்பு வேறொன்று என்று பிரித்துக் காட்டினார்.

கடிகார உலகிலே இவ்வாதம் ஒரு மனிதரின் மேசைக்கு வந்து சேர்ந்ததை விரிவாகச் சொல்லத் தோன்றுகின்றது. கடலிலே நெட்டாங்கு அறிவதற்காக ஜோன் ஹரிசன் 18 ஆம் நூற்றாண்டிலே செய்த நான்கு கருவிகள் கிறீனிச் வானாய்வகத்திற் கிடந்தன. முதலாவது 1735 இல் முடிந்தது. ஏறத்தாழ 34 கிலோகிராம் நிறை. நான்காவது பார்வைக்குப் பெரியதொரு சட்டைப்பைக் கடிகாரம், 13 சதமமீற்றர் விட்டம், வெள்ளிக்கூடு. 1761 இல் யமேக்காவுக்குப் புறப்பட்ட கப்பலிற் சென்று, 81 நாளில் ஐந்து விநாடியளவே பிந்தியது இதுதான். 1920 ஆம் ஆண்டில் றூப்பேட் கூல்ட் என்ற கடற்படை அதிகாரி இவற்றைக் கண்டபோது அவை அழுக்கேறி, ஓடாமல், கவனிப்பாரற்றுக் கிடந்தன. முதற் கருவியைப் பச்சைக் களிம்பு மூடியிருந்தது. கூல்ட் பயிற்சி பெற்ற கடிகாரத் தொழிலாளி அல்லர். எனினும் அரச வானியலாளரின் அனுமதியோடு அவற்றைத் தாமே கழற்றிச் சுத்தஞ்செய்ய முற்பட்டார். மூன்றாவது கருவிக்கு மாத்திரம் ஏழு ஆண்டுகள் சென்றன.

அவர் செய்தது தவறா? இல்லையென்றே நான் கூறுவேன். களிம்பு வெறும் நிறமன்று. உலோகத்தை அரித்துக்கொண்டிருக்கும் நோய். அதை விட்டுவைத்தால் ஹரிசனின் வேலையே அழியும். அன்றியும், கூல்ட் தாம் கண்டதையும் செய்ததையும் பதினெட்டுக் குறிப்பேடுகளிலே படங்களுடன் எழுதிவைத்தார். பின்வருவோர் எது ஹரிசனின் கை, எது கூல்டின் கை என்று பிரித்தறிய அவை உதவுகின்றன. இன்று கிறீனிச்சிலே முதல் மூன்று கருவிகளும் ஓடுகின்றன. நான்காவதை வேண்டுமென்றே நிறுத்தி வைத்துள்ளனர். ஏனைய மூன்றும் எண்ணெயின்றி ஓடுமாறு அமைந்தவை; நான்காவதற்கு எண்ணெய் வேண்டும், ஓட ஓட அது தேயும். அதனை ஓடவிடாமையே அதற்குச் செய்யும் பராமரிப்பாகக் கருதப்படுகின்றது.

கூல்ட் தம் வேலையை முடித்துச் சில ஆண்டுகளில், அதே மாநகரில், இதற்கு நேர்மாறான செயல் ஒன்று நடந்தது. ஏதென்சு நகரின் பார்த்தினன் கோயிலிலிருந்து கொண்டுவரப்பட்ட சலவைக்கற் சிற்பங்களுக்காகப் பிரித்தானிய நூதனசாலையில் புதிய மண்டபம் எழுந்தது. பணம் கொடுத்தவர் கலைப்பொருள் வணிகரான டுவீன் பிரபு. சிற்பங்கள் வெண்மையாய்த் தோன்ற வேண்டுமென்பது அவர் விருப்பம். 1937, 1938 ஆம் ஆண்டுகளிலே வேலையாட்கள் செம்புக் கருவிகளாலும் காபரண்டம் கல்லாலும் சிற்பங்கள் சிலவற்றைத் தேய்த்தனர். நூதனசாலை இயக்குநர் கண்டு நிறுத்துவதற்குள் அவற்றின் தேன்னிறத் தோல் சில இடங்களிற் போய்விட்டது. பழுப்பு நிறத்தை அவர்கள் அழுக்கென்று எண்ணினர். அது பன்னூறாண்டு வெயிலும் மழையும் பட்ட கல்லின் மேற்பரப்பு. அறுபது ஆண்டுகள் கழிந்து, 1999 இலும் அறிஞர் கூடி இதைப் பற்றி வாதிட்டனர். கூடி வாதிட்டதனாற் கல் மீண்டும் வளரவில்லை.

கைக்கடிகாரத்துக்கு இக்கவலை ஏன் இவ்வளவு பிந்தி வந்தது? அது வேலை செய்யும் கருவியாக இருந்தமையே காரணம். 1969 டிசெம்பர் 25 ஆம் நாள் யப்பானிய செய்கோ நிறுவனம் படிகத்தால் இயங்கும் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. மலிந்து வந்த அத்தகைய கடிகாரங்களின் முன் சுவிற்சர்லாந்துத் தொழில் தளர்ந்தது. 1970 இல் 90,000 அளவில் இருந்த தொழிலாளர் தொகை, 1980 களின் நடுவில் 30,000 அளவுக்கு இறங்கியது. நேரம் அறிய முறுக்குக் கடிகாரம் வேண்டாம் என்றானபோது, அது வேறொன்றாக மாறத் தொடங்கியது. சேகரிப்போர் பெருகினர், ஜெனீவாவில் ஏலங்கள் நடந்தன, ஏலப் பட்டியல்களிலே ‘மெருகிடப்படாதது’ என்பதே புகழுரையாயிற்று.

2017 ஒக்ரோபரில் நியூயோர்க்கிலே நடந்த ஏலமொன்றைச் சொல்லாமல் விடலாகாது. நடிகரும் மோட்டார்ப் பந்தய வீரருமான போல் நியூமன் அணிந்திருந்த றோலெக்ஸ் டேற்றோனா கடிகாரம் 17,752,500 டொலருக்கு விலைபோயிற்று. பொன்னன்று, துருப்பிடியா உருக்கு. அதன் பின்மூடியிலே அவர் மனைவி ஜோன் வூட்வேட் மூன்று சொற்கள் வெட்டுவித்திருந்தார். கவனமாக வண்டி செலுத்தும்படி கணவருக்குச் சொல்வன முதலிரு சொற்கள். பெயர் இடவேண்டிய இடத்தில் ‘நான்’ என்று மூன்றாவது. அவ்வெழுத்துகளின் ஆழம் உருக்கின் தோலளவே. மனைவியின் குரல் அந்தத் தோலிலே தங்கியிருந்தது. பின்மூடியைப் பளபளக்கச் செய்யவேண்டுமென்று எவரேனும் முனைந்திருந்தால், சக்கரத்தின் முன் அக்குரல் மங்கியிருக்கும்.

இவ்வாறு கூறுவதனால் மெருகே கூடாதென்று விதிப்பதாக எண்ணவேண்டாம். சேகரிப்போர் சிலரின் பத்தி, அழுக்கையும் வணங்கும் அளவுக்குப் போய்விட்டது. பின்மூடி அமரும் இடத்திலே வியர்வை அரித்த குழிகள் இருந்தால், இறப்பர் வளையம் பொருந்தாது, நீர் புகும், பொறி துருவேறும். அங்கே தொழிலாளி உலோகத்திற் கைவைத்தே ஆகவேண்டும். அடிபட்ட விளிம்பு தோலைக் கிழிக்குமாயின் அதையும் மழுக்குதல் தகும். ஐந்தாறு முறை மெருகிட்டு விளிம்பெல்லாம் ஏற்கெனவே கரைந்துபோன கடிகாரத்துக்கு ஆறாம் முறை மறுப்பதனாற் காப்பாற்றப்படுவது அதிகமில்லை. அணிபவர் தம் விருப்பம்போற் செய்யலாம்.

இப்பொழுது இன்னொரு வித்தையும் வந்துள்ளது. லேசர் ஒளியால் உலோகத்தை உருக்கிக் குழிகளில் நிரப்பி, மழுங்கிய விளிம்பை மீண்டும் கூர்மையாய்ச் சமைக்கின்றனர். தேய்த்து எடுப்பதைவிட இது மேலென்பர். கைத்திறன் வியக்கத்தக்கதே. ஆயினும் அவ்விளிம்பு முதற் கூடு செய்தவர் வெட்டிய விளிம்பன்று. நேற்று வந்தவர் அதனைப் பார்த்து வரைந்த படியே. விற்பவர் அதை வெளிப்படையாகச் சொன்னாற் குற்றமில்லை. சொல்லாமல், மெருகு காணாதது என்று விற்றால் அது மோசடி.

கடிகாரத்தைக் கொடுக்குமுன் செய்யத்தக்கவை சில உண்டு. கூட்டின் எல்லாப் பக்கங்களையும் நல்ல வெளிச்சத்திற் படம் எடுத்து வைத்தல் நன்று. முத்திரையும் வெட்டெழுத்தும் எங்கே உள என்று தொழிலாளிக்குக் காட்டவேண்டும். பொறியைக் கழற்றியபின் கூட்டைச் சவர்க்கார நீரிலே மென்தூரிகையாற் கழுவுவித்தால், மங்கலென்று நாம் நினைத்ததிற் பெரும்பகுதி வெறும் வியர்வையும் தூசியுமே என்பது பல தடவை தெரியவரும். பல திருத்தகங்களிலே மெருகு கேளாமலே சேர்க்கப்படும் வேலை. வேண்டாமென்று வாயாற் சொன்னது உள்ளறையில் இருக்கும் தொழிலாளிக்கு எட்டுமென்பது நிச்சயமில்லை. பற்றுச்சீட்டிலே ‘கூட்டைக் கழுவுக, மெருகிடற்க’ என்று எழுதுவித்து, வாசித்துப் பார்த்தபின்பே ஒப்பமிடுக.